நல்லெண்ணெய்க்கு ஏன் சீக்கிரம் சிக்கு வாடை வர்றதில்லை?

இட்லிப் பொடிக்கு நடுவுல குழி பண்ணி நல்லெண்ணெய் ஊத்துறப்போ, அந்த பாட்டில் எப்போ வாங்கினதுன்னு யாராவது பார்க்கிறோமா? மாசக்கணக்குல இருந்தாலும் அது சட்டுனு கெட்டுப்போறதில்லை. ஆனா, கெமிஸ்ட்ரி கணக்குப்படி அது சீக்கிரம் கெட்டிருக்கணும்.

எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். அந்த எண்ணெயில் ஒலீயிக், லினோலீயிக் ஆகிய கொழுப்பு அமிலங்கள் ஒவ்வொன்றும் சுமார் 40 சதவிகிதம். மீதியில் பெரும்பகுதி பால்மிட்டிக், ஸ்டீரிக் எனும் நிறைவுற்ற கொழுப்புகள். காற்றுபட்டதும் முதலில் கெட ஆரம்பிப்பது லினோலீயிக்தான். அது இவ்வளவு இருந்தும் நல்லெண்ணெய் தாக்குப்பிடிக்கக் காரணம், எள்ளிலேயே இருக்கும் காவலாளிகள்: செசமின், செசமோலின் என்ற லிக்னன்களும், காமா டோக்கோஃபெராலும்.

இதில் செசமோலின் கதைதான் சுவாரஸ்யம். எள்ளை வறுத்தால் அது உடைந்து செசமால் ஆகும். இது ரொம்பவே வலுவான ஆன்டிஆக்ஸிடன்ட். கொரிய, ஜப்பானிய சமையலில் வரும் கரும்பழுப்பு எண்ணெய் நீண்ட நாள் தாங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நம்ம ஊர் செக்கில் வறுக்காத எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுவார்கள். அதனால் செசமோலின் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ரீஃபைண்ட் பண்ணினா எல்லாமே போயிடும் என்பதும் முழு உண்மை இல்லை. நிறம் நீக்கும்போது செசமோலினில் ஒரு பகுதி செசமினால் என்ற இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்டாக மாறிவிடும்.

இந்த செசமோலின் போலீஸ் வேலையும் பார்த்திருக்கு! நெய்யில் வனஸ்பதி கலப்படத்தைப் பிடிக்க, வனஸ்பதியில் 5 சதவிகிதம் நல்லெண்ணெய் சேர்க்கணும்னு இந்தியாவில் விதி வைத்தார்கள். சந்தேகப்படும் நெய்யோடு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபியூராலும் சேர்த்துக் குலுக்கினால் சிவப்பு நிறம் வரும். மாட்டிக்கிச்சு! இதுதான் பௌடுவான் சோதனை.

சரி, இதெல்லாம் உங்களுக்கு எவ்வளவு நல்லது? இங்கேதான் நிதானம் வேணும். இந்தக் காவலாளிகள் முதலில் காப்பாற்றுவது எண்ணெயை. உங்க உடம்பையும் அதே மாதிரி காப்பாத்தும்னு ஃபார்வர்டு மெசேஜை நம்பி டம்ளர்ல குடிச்சிடாதீங்க. 1 டேபிள்ஸ்பூனில் சுமார் 120 கலோரி இருக்கு. ‘வைட்டமின் இ’க்காக வாங்குறீங்கன்னா, உடம்பு அதிகம் பிடித்துவைக்கும் ஆல்ஃபா வகை இதில் குறைவு. சூரியகாந்தி எண்ணெயில்தான் அது அதிகம்.

அப்புறம், பொரிச்ச எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் இந்தக் காவலாளிகளும் தீர்ந்துபோவார்கள். பாட்டிலை அடுப்புப் பக்கத்திலும் ஜன்னல் வெயிலிலும் வைக்காமல், இறுக மூடி அலமாரிக்குள் வைங்க.