தோல்வியிலும் தங்கிய ஆசனம்

யாழ்ப்பாணத்தின் நீர்வேலி அடங்கிய கோப்பாய்த் தொகுதியை 1947 முதல் 1959இல் மறையும்வரை இலங்கைப் பாராளுமன்றத்தில் பிரதிநிதித்துவப்படுத்தியவர் வழக்கறிஞர் கு. வன்னியசிங்கம். தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராக வென்றவர், 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய பின் அக்கட்சியோடு முரண்பட்டு, 1949 டிசம்பரில் செல்வநாயகம், நாகநாதன் ஆகியோருடன் தமிழரசுக் கட்சியை நிறுவினார். தன் வாக்காளரில் ஒருவரையும் நேரடியாகத் தொடாத சட்டத்துக்காக அவர் பிரிந்தார் என்பதே என்னை வியக்கவைக்கிறது. 1952 தேர்தலில் காங்கேசன்துறையில் கட்சியை வழிநடத்திய செல்வநாயகமே தோற்றார். கட்சிக்குக் கிடைத்தவை கோப்பாயும் திருகோணமலையும் மட்டுமே. நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழரின் சார்பில் 1947இல் எழுவரை அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு அம்முறை ஓர் ஆசனமும் இல்லை. ஆகவே தமிழரசுக் கட்சியின் சமஷ்டிக் கோரிக்கை சபையில் உயிரோடிருந்ததற்குக் கோப்பாய் வாக்காளரும் காரணம் என்பேன்.

101 பேர் கொண்ட சபையில் இரண்டு குரல்களால் எந்தச் சட்டம் நிறைவேறியது என்று கேட்கலாம். ஒன்றுமில்லைத்தான். ஆனால் பெரும்பான்மையே எல்லாவற்றையும் முடிவுசெய்யும் அவையில் சிறுபான்மை உறுப்பினரின் உழைப்பை நிறைவேறிய சட்டங்களால் அளப்பது அநீதி. 1956இல் அதே கட்சி பத்து ஆசனங்களை வென்றது; மறு ஆண்டு பிரதமர் பண்டாரநாயக்க அதனோடு ஒப்பந்தம் செய்தார். அது 1958இல் கிழிக்கப்பட்டது உண்மை. அந்த ஓகஸ்டில் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேறியபோது தமிழரசு உறுப்பினர்கள் தடுப்புக்காவலில் இருந்தார்கள்.