பகாவ் தோட்டத்துச் சடக்கில் கஞ்சில்: ஒரு சின்னக் காரின் வரலாறு



வரலாறு என்றவுடன் நம் மாணவர்கள் பரமேஸ்வராவையும், மலாக்காவையும், 1957ஆம் ஆண்டின் விடுதலையையும் நினைக்கின்றனர். அவை அனைத்தும் அறிந்திருக்க வேண்டியவையே. ஆயினும் நம் வீட்டு வாசலில் நின்ற பொருள்களுக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் அவர்களுக்குப் போதிய அளவு சொல்லிக் கொடுப்பதில்லை. அவ்வகையில் பகாவ் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் காராக அமைந்த கஞ்சிலைப் பற்றி இங்கே சிறிது விரிவாகப் பார்ப்போம்.

காருக்கு முந்திய காலம்

பகாவ், நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஜெம்போல் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். கிம்மாசிலிருந்து கிழக்குக் கரை நோக்கிச் செல்லும் இரயில் பாதை 1910ஆம் ஆண்டிலேயே இவ்வூரை எட்டிவிட்டது. சுற்றிலும் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. பிற்காலத்தில் அவற்றுள் பல செம்பனைத் தோட்டங்களாக மாறின. இரயிலும் சாலையும் முதலில் இரப்பரை ஏற்றிச் செல்வதற்காக வந்தவை. தொழிலாளர்களின் வசதி அவற்றின் முதல் நோக்கமன்று.

தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார். அடுத்து, பெரிய கிராணியிடம் ஒன்று இருக்கலாம். தொழிலாளியிடம் இருந்தது சைக்கிள். பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. கணவன் ஓட்ட, மனைவி பின்னால் அமர, இடையில் ஒரு பிள்ளையும் முன்னால் ஒரு பிள்ளையும் நெருங்கியிருக்க, ஒரு குடும்பமே அதில் பயணம் செய்தது. மழை வந்தால் மரத்தடியில் ஒதுங்கி நிற்க வேண்டும். திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் தோட்டத்து லாரி, பட்டணத்துக்குப் பேருந்து, நள்ளிரவில் பிரசவ வலி கண்டால் அடுத்தவர் வண்டி. இவற்றில் பொதுவான ஒன்று உண்டு. எப்போது புறப்படுவது என்பதைப் பெரும்பாலும் மற்றொருவரே முடிவு செய்தார்.

கஞ்சில் பிறந்த கதை

மலேசியாவின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா 1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்தது. நடுத்தரக் குடும்பங்களிடையே அது விரைந்து பரவியது. ஆயினும் தினக்கூலி வாங்கிய தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் எட்டாத உயரத்தில்தான் இருந்தது. அதனினும் சிறியதும் மலிவானதுமான ஒரு காரைச் செய்வதற்காக 1993ஆம் ஆண்டில் பெரோடுவா நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. ஜப்பானின் டைஹாட்சு நிறுவனம் அதில் பங்குதாரராகவும் தொழில்நுட்பத் துணையாகவும் அமைந்தது. சிலாங்கூர் மாநிலத்தின் ரவாங் வட்டாரத்தில் தொழிற்சாலை எழுந்தது. 1994ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கஞ்சில் அறிமுகமாயிற்று.

கஞ்சில் என்பது மலாய் மொழியில் சருகுமானைக் குறிக்கும் சொல். சிறிய உடலும் கூரிய அறிவும் கொண்ட 'சாங் கஞ்சில்' கதைகளை நம் பிள்ளைகளும் மலாய்மொழிப் பாடத்தில் படிக்கின்றனர். மலாக்காவில் பரமேஸ்வராவின் வேட்டை நாயை எட்டி உதைத்ததாகச் சொல்லப்படுவதும் இச்சருகுமானே. சிறியதாயினும் பின்வாங்காதது என்னும் பொருளில் அப்பெயர் பொருத்தமாகவே அமைந்தது.

அதன் உடலமைப்பு டைஹாட்சுவின் மீரா என்னும் காரைத் தழுவியது. முதலில் வந்த கஞ்சிலின் என்ஜின் 660 சி.சி. அளவு. இந்த எண் எங்கிருந்து வந்தது? ஜப்பானில் சிற்றுந்துகளுக்கெனத் தனிச் சட்டப் பிரிவு உண்டு. 1990ஆம் ஆண்டில் அப்பிரிவின் என்ஜின் வரம்பு 550 சி.சி.யிலிருந்து 660 சி.சி.யாக உயர்த்தப்பட்டது. காரின் நீளம் 3.3 மீட்டரையும் அகலம் 1.4 மீட்டரையும் தாண்டக்கூடாது என்பது அப்போதைய விதி. குறுகிய தெருக்கள் கொண்ட ஜப்பானிய நகரங்களில் ஓரிருவர் குறைந்த தொலைவு சென்று வருவதற்கு ஏற்ற அளவு அது. அந்த அளவில் பிறந்த கார்தான் பகாவின் செம்மண் சடக்குக்கு வந்து சேர்ந்தது. பின்னர்ச் சொல்லப்போகும் பல செய்திகளுக்கு இதுவே அடிப்படை என்பதால் நினைவில் கொள்ளுங்கள்.

இந்தியாவிலும் இதற்கு நிகரான ஒரு வரலாறு உண்டு. 1983ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வெளிவந்த மாருதி 800, ஜப்பானிய சுசுகி நிறுவனத்தின் சிறுகாரைத் தழுவியது. அதுவும் மூன்று சிலிண்டர் வண்டியே. தமிழகத்தின் நடுத்தரக் குடும்பங்களுக்கு மாருதி எவ்வாறோ, அவ்வாறே மலேசியத் தோட்டத் தமிழர்களுக்குக் கஞ்சில் என்று சொல்லலாம்.

முதல் நாளும் முதல் மாதங்களும்

புதுக் கார் வீட்டுக்கு வருமுன் கோயிலுக்குச் செல்லும். முன்கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் இடப்படும், நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கப்படும், தேங்காய் உடைபடும். 'என்' எழுத்தில் தொடங்கும் நெகிரி செம்பிலான் எண் பலகை மாலைக்கு நடுவே தெரியும். இருக்கைகளின் மேல் தொழிற்சாலையில் போர்த்திய பிளாஸ்டிக் உறையை மாதக் கணக்கில் கழற்றாதவர்கள் பலர். வெயிலில் அது முதுகைச் சுட்டாலும், உறை இருக்கும் வரை கார் புதியது என்பது அவர்களுடைய கணக்கு.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை மெதுவாக ஓட்ட வேண்டும் என்று விற்பனையாளர் சொல்லி அனுப்புவார். புது என்ஜினின் உட்பாகங்கள் ஒன்றோடொன்று இழைந்து பழகுவதற்கான காலம் அது. எண்ணெய் மாற்றிய நாளையும் ஓடிய தொலைவையும் பழைய பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கும் பழக்கமும் அப்போது இருந்தது. அத்தகைய நோட்டு உங்கள் வீட்டில் இன்னும் இருக்குமானால் அது ஒரு வரலாற்று ஆவணம், எறிந்துவிடாதீர்கள்.

குறையா, இயல்பா?

புதிதாகக் கார் வாங்கியவர்கள் சில வாரங்களிலேயே அதன் சிறுசிறு இயல்புகளைக் கண்டுகொண்டனர். அவற்றுள் சில வியப்பையும் சில கவலையையும் தந்தன.

முதலாவது, நடுக்கம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது கார் மெல்ல அதிரும். பழுதோ என்று அஞ்சிப் பட்டறைக்கு ஓடியவர்களும் உண்டு. மூன்று சிலிண்டர் என்ஜினின் இயல்பு அது. நான்கு சிலிண்டர்களில் இரண்டு மேலேறும்போது இரண்டு கீழிறங்கி ஒன்றையொன்று பெருமளவு சமன் செய்கின்றன. மூன்றில் அந்தச் சமநிலை முழுமையாக அமையாது. வேகம் கூடியதும் அதிர்வு அவ்வளவாகத் தெரியாது.

இரண்டாவது, குளிர்சாதனம். கஞ்சில் ஓட்டியவர் எவரும் மறக்காதது இது. பகாவிலிருந்து சிரம்பான் செல்ல வேண்டுமாயின் கோலப்பிலாவைக் கடந்து புக்கிட் புத்துஸ் மலைச்சாலையில் ஏற வேண்டும். புதிய உயர்மட்டச் சாலை அமைவதற்கு முன் அது வளைவுகள் நிறைந்த செங்குத்தான ஏற்றம். ஐவர் அமர்ந்த கஞ்சில் அங்கே மூச்சு வாங்கும். அப்போது ஓட்டுநரின் கை தானாகவே குளிர்சாதன விசைக்குச் செல்லும், சன்னல்கள் இறங்கும், உச்சியை அடைந்தபின் மீண்டும் குளிர் வரும். காரணம் எளியது. 660 சி.சி. என்ஜினின் ஆற்றல் ஏறக்குறைய 31 குதிரைத்திறன். குளிர்சாதனக் கருவியும் அதிலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. பெரிய என்ஜினில் அப்பங்கு தெரியாது. சிறியதில் உடனே தெரியும். பிற்பாடு வந்த 850 சி.சி. வகை இக்குறையைப் பெரிதும் தணித்தது.

மூன்றாவது, உடலின் எடைக்குறைவு. செம்பனைக் குலை ஏற்றிய லாரி எதிரே விரைந்து கடக்கும்போது காற்று காரைச் சற்றே தள்ளும். கதவை மூடினால் தகர ஒலி கேட்கும். 'மைலோ டின்' என்று கேலி செய்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அதே எடைக்குறைவினால்தான் ஒரு லிட்டர் பெட்ரோலில் அது நெடுந்தூரம் ஓடியது. மழைக்காலச் சடக்கில் சக்கரம் புதைந்தால் நான்கு பேர் சேர்ந்து தள்ளி வெளியேற்றவும் முடிந்தது.

நான்காவது, அதிகாலைத் தொடக்கம். தொடக்கக் காலக் கஞ்சில் கார்புரேட்டர் வகையைச் சேர்ந்தது. இருள் பிரியும் முன், பெரட்டுக்குச் செல்லும் குளிர்ந்த வேளையில், எண்ணெய் மிதியை ஓரிரு முறை அழுத்திவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். எத்தனை முறை அழுத்துவது என்பதை ஒவ்வோர் உரிமையாளரும் தம் காருடன் பழகியே அறிந்தார்.

இவற்றையெல்லாம் கையேட்டைப் படித்து அறிந்தவர்கள் குறைவு. சாப்பாட்டுக் கடையிலும், கோயில் மண்டபத்திலும், போர்மேன் என்று நாம் அழைக்கும் பட்டறைக்காரரிடமும் பேசிப் பேசியே கற்றுக்கொண்டனர். ஒருவர் கண்டறிந்தது அடுத்த வாரமே பக்கத்துத் தோட்டத்துக்கும் தெரிந்துவிடும். கூர்ந்து பார்த்தால், இவற்றுள் பெரும்பாலானவை காரின் பழுதுகள் அல்ல. ஒரு வகை வாழ்க்கைக்காக அளவெடுத்துச் செய்த காரை வேறு வகை வாழ்க்கைக்குப் பயன்படுத்தியதன் விளைவுகள். ஓரிருவர் நகரத்தில் ஓட்டுவதற்கான அளவில் பிறந்த கார், இங்கே பெற்றோர், பாட்டி, பிள்ளைகள், அரிசி மூட்டை ஆகிய அனைத்தையும் சுமந்தது.

அது மாற்றியது என்ன?

சுமந்தது மட்டுமன்று, சிலவற்றை மாற்றவும் செய்தது. கோலப்பிலா மருத்துவமனைக்கு நள்ளிரவில் புறப்படுவதற்கு வேறு எவருடைய கதவையும் தட்ட வேண்டியதில்லை. இடைநிலைப்பள்ளியில் மாலை வகுப்பு முடிந்த மகளை அழைத்துவரத் தந்தையால் முடிந்தது. "பஸ் இல்லை, எப்படிப் போவாள்?" என்ற கேள்வியோடு படிப்பு நின்றுபோன பெண்பிள்ளைகள் நம் தோட்டங்களில் இருந்தனர் என்பதை மூத்த ஆசிரியர்கள் அறிவர். வாகனம் ஓட்டக் கற்றுத்தரும் நிலையங்கள் பலவும் கஞ்சிலையே பயன்படுத்தியதால், காரோட்டக் கற்ற பெண்களின் எண்ணிக்கையும் கூடியது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் மக்கள் வெளியேறிய காலத்தில், தோட்டப் பள்ளிகளும் மூடப்பட்டன அல்லது இடம் பெயர்ந்தன. 1957ஆம் ஆண்டில் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்துள்ளன. பக்கத்துப் பள்ளி மூடப்பட்டபின் தொலைவிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவதா, அருகிலுள்ள வேற்றுமொழிப் பள்ளிக்கு அனுப்புவதா என்ற முடிவை மொழிப்பற்று மட்டும் தீர்மானிக்கவில்லை. வீட்டில் வண்டி இருந்ததா என்பதும் தீர்மானித்தது.

விலையும் பாதுகாப்பும்

இதன் மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கார் பெரும்பாலும் தவணைக் கடனில் வந்தது. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வேலையில்லையேல் கூலி குறையும். ஆனால் தவணை குறையாது. 1997ஆம் ஆண்டின் ஆசியப் பொருளாதார நெருக்கடி இதனை நன்கு உணர்த்தியது. அவ்வாண்டில் நான்கு இலட்சத்தைத் தாண்டிய நாட்டின் வாகன விற்பனை, 1998இல் பாதிக்கும் கீழே சரிந்தது. ஏற்கெனவே வாங்கியவர்களோ தவணைக்காக நகையை அடகு வைத்தனர்.

பாதுகாப்பு அதனினும் முக்கியமானது. ஐவருக்கான காரில் எழுவரும் எண்மரும் நெருங்கி அமர்ந்தனர். பிள்ளைகள் மடியில் இருந்தனர். மலேசியாவில் பின்னிருக்கை வார்ப்பட்டை 2009ஆம் ஆண்டு ஜனவரி முதல் கட்டாயமாயிற்று. குழந்தை இருக்கை 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் கட்டாயம். "அப்போதெல்லாம் அப்படித்தானே போனோம்" என்று இன்று சொல்லும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அப்போது வேறு வழி இல்லாதிருந்தது, இப்போது இருக்கிறது. பள்ளி வாசலில் இறங்கும் பிள்ளைகளை நாள்தோறும் காணும் ஆசிரியர் என்ற முறையில் இதனை அழுத்தமாகவே சொல்கிறேன்.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

கஞ்சில் தயாரிப்பு 2009ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. பதினைந்து ஆண்டுகளில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. பகாவ்ச் சந்தைப் பக்கம் வெளிறிய வண்ணத்தோடு இன்றும் அவற்றுள் சிலவற்றைக் காணலாம். அவையும் குறைந்துகொண்டே வருகின்றன. அவற்றை முதன்முதலில் வாங்கியவர்களும் முதுமையடைந்து வருகின்றனர்.

நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் மாணவர் தம் குடும்ப வரலாற்றைத் திரட்டும் பகுதி உண்டு. குடும்ப மரத்தை வரைவதோடு நிறுத்தாமல், ஐந்து கேள்விகளையும் கொடுத்தனுப்பலாம். நம் குடும்பத்தின் முதல் வண்டி எது? எந்த ஆண்டு வாங்கினோம்? அதற்கான பணம் எவ்வாறு வந்தது? முதன்முதலில் எங்கே சென்றோம்? அதற்கு முன் அங்கே எப்படிச் சென்றோம்? தாத்தா பாட்டியிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதி வரச் சொல்லுங்கள். ஐந்தாம் கேள்விக்கான விடையைக் கேட்க மறக்காதீர்கள். தோட்டத்து வாழ்க்கையின் வரலாறு பெரும்பாலும் அந்த விடையில்தான் கிடைக்கும்.

அன்புடன்,
பகாவ் தமிழாசிரியர்