காரின் வெளிப்புறப் பட்டைகள்: மரையாணி முதல் ஒட்டுநாடா வரை

காரின் கதவுகளிலும் சக்கர வளைவுகளிலும் கண்ணாடி ஓரங்களிலும் பொருத்தப்படும் நெகிழி, ரப்பர் அல்லது குரோமியம் பூசிய பட்டைகள் வெளிப்புறப் பட்டைகள் எனப்படும். பட்டறைகளில் இவற்றை பீடிங், மோல்டிங் என்று அழைப்பர். கழன்ற பட்டையை உரிமையாளரே வீட்டில் பொருத்த முடியுமா என்பது, அது எதனால் பிடித்து வைக்கப்பட்டிருந்தது என்பதைப் பொறுத்தது. அந்தப் பிடிமானம் காலந்தோறும் மாறி வந்துள்ளது. சென்னையிலும் அதன் தென்மேற்கேயுள்ள திருப்பெரும்புதூர்–ஒரகடம் பகுதியிலும் உருவான கார்த்தொழிலின் வளர்ச்சியோடு இம்மாற்றத்தைக் காணலாம்.

மரையாணிக் காலம்

1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி விற்றது. வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தயாரித்தது. 1959இல் இங்கிலாந்தில் அறிமுகமான ஹெரால்டின் உடல், தனித்தனிப் பகுதிகளாக அடிச்சட்டத்தின் மேல் மரையாணிகளால் இணைக்கப்பட்டது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் அதன் பெரும்பகுதியைத் தாமே கழற்றி மாட்ட முடிந்தது.

அக்காலக் கார்களில் அலங்காரப் பட்டைகள் பெரும்பாலும் திருகாணி அல்லது உலோகக் கிளிப்பால் பிடிக்கப்பட்டன. ஒரு கிளிப் உடைந்தால் வேறொன்றை மாட்டுவது எளிது. ஆனால் ஒவ்வொரு கிளிப்புக்கும் தகட்டில் ஒரு துளை தேவைப்பட்டது. துளையின் விளிம்பில் வண்ணப்பூச்சு தேய்ந்தால் அங்கு நீர் தங்கித் துரு பிடிக்கும். சென்னை போன்ற கடலோர நகரின் உப்புக்காற்றில் இது விரைவாகவே நிகழும்.

ஒட்டுநாடாவின் வருகை

கார்ப் பட்டறைக்குள் ஒட்டுநாடா முதலில் வந்தது ஒட்டியே இருப்பதற்காக அன்று, உரித்து எடுப்பதற்காக. அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ட்ரூ, காருக்கு இரு வண்ணம் பூசும் தொழிலாளர்கள் வண்ணங்களின் எல்லையை நேராக அமைக்கப் படும் சிரமத்தைக் கண்டு, 1925இல் மறைப்பு நாடாவை உருவாக்கினார். அதே நிறுவனம் 1980இல் அக்ரிலிக் நுரையால் ஆன இருபக்க நாடாவை அறிமுகப்படுத்தியது. வெயிலில் நெகிழிப் பட்டை இரும்புத் தகட்டைவிட அதிகமாக விரியும். நுரை நாடா அந்த வேறுபாட்டுக்கு ஏற்ப நெகிழ்ந்துகொடுத்தபடியே பிடியை விடாமல் இருக்கும். துளை வேண்டாம், துருவும் இல்லை, பொருத்தும் நேரமும் குறைவு என்பதால் இம்முறை கார்த்தொழிலில் பரவியது.

திருப்பெரும்புதூர்–ஒரகடம்

1996இல் நிறுவப்பட்ட ஹூண்டாய் மோட்டார் இந்தியா, இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாரித்த சான்ட்ரோவை 1998இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2010இல் ரெனோ–நிசான் ஆலையும் 2012இல் டைம்லர் சரக்குந்து ஆலையும் ஒரகடத்தில் திறக்கப்பட்டன. இவற்றைச் சுற்றி உதிரிப்பாகத் தொழிற்சாலைகள் பெருகின. நெகிழிக் கிளிப்பும் நுரை நாடாவும் வழக்கமாகிவிட்ட காலத்தில் இவ்வட்டாரம் வளர்ந்தது. ஹெரால்டு காலத்து ஸ்பேனர் அறிவு மட்டும் இக்கார்களுக்குப் போதவில்லை.

வீட்டில் மீண்டும் ஒட்டுதல்

பட்டை கழன்றதும் பலர் உடனடிப் பசையை நாடுவர். அது காய்ந்ததும் விறைத்துவிடும். வண்டியின் அதிர்விலும் வெயிலிலும் விரிசல் விட்டு, சில வேளைகளில் வண்ணப்பூச்சையும் பெயர்த்துவிடும். திருகாணி அடிப்பதோ பழைய துரு நோயை மீண்டும் வரவழைப்பதாகும்.

முதலில் பட்டையின் பின்புறத்தில் கிளிப் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். உடைந்த கிளிப்புக்கு அதே வகைக் கிளிப்பே தீர்வு. நாடா மட்டும் இருந்தால், எஞ்சிய நுரையை முடி உலர்த்தியால் சூடாக்கி, நைலான் தூண்டில் நரம்பால் அறுத்து எடுக்கலாம். பழைய நாடா மீண்டும் ஒட்டாது. இரு பரப்புகளையும் ஐசோபுரொப்பைல் ஆல்ககாலும் நீரும் சமமாகக் கலந்த கரைசலால் துடைத்து உலரவிட வேண்டும். பாலிபுரொப்பிலீன் போன்ற எளிதில் ஒட்டாத நெகிழிக்கு முன்பூச்சு தேவை. பட்டை நேராக அமைய, ட்ரூவின் மறைப்பு நாடாவையே எல்லைக்கோடாக ஒட்டிக்கொள்ளலாம். பிறகு புது நாடாவை ஒட்டிப் பட்டையை முழு நீளமும் அழுத்த வேண்டும்.

ஒட்டுவதற்கு ஏற்ற வெப்பநிலை ஏறக்குறைய 21 முதல் 38 பாகை செல்சியசு. குளிர்நாடுகளில் இதற்காகப் பரப்பைச் சூடாக்குவர். தமிழகத்தில் நிழலே போதும். அறை வெப்பநிலையில் 20 நிமிடத்தில் பிடிப்பின் பாதியும், 24 மணி நேரத்தில் 90 விழுக்காடும், 72 மணி நேரத்தில் முழுமையும் கிடைக்கும். அதுவரை வண்டியைக் கழுவக் கூடாது.

இன்றைய நிலை

மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022இல் கார் உற்பத்தி நின்றது. ஒரு வகைக் கார் நின்றுபோன பின்னும் அது பல ஆண்டுகள் சாலையில் ஓடும். அதற்கே உரிய கிளிப்புகள் காலப்போக்கில் அரிதாகும்போது, ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலோ புதுப்பேட்டையின் பழைய உதிரிப்பாகக் கடைகளிலோ தேட வேண்டியிருக்கும். நாடாவோ எந்த வகைக் காருக்கும் பொதுவானது. மரையாணியோடு உரிமையாளரின் கையைவிட்டுப் போன பழுதுபார்க்கும் உரிமையில் ஒரு பங்கை அது திருப்பித் தந்துள்ளது. அதற்கு வேண்டியது தோள்வலிமையன்று. சுத்தமும் மூன்று நாள் பொறுமையும்.