கூரை கழற்றும் காரும் திருமலை மழையும்



மாரி தொடங்கிவிட்டது. சென்ற வாரம் பத்தாம் தரப் பிள்ளைகளுடன் உட்துறைமுக வீதிப் பக்கம் போயிருந்தோம். ஒரு வளவின் மூலையில் நீலப் படங்கு போர்த்திய சிறிய கார் ஒன்று நின்றது. காற்று படங்கை விலக்கியதும் உள்ளே பழைய எம்.ஜி.ஏ. தெரிந்தது. இரண்டே இருக்கை. மேலே தகரம் இல்லை, கிழிந்த கன்வஸ் ஹூட் மட்டும். "சேர், மழை பெய்தால் இந்தக் காரில் என்ன செய்வார்கள்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். "நனைவார்கள்" என்று சொல்லிச் சிரித்துச் சமாளித்தோம். ஆனால் அது சரியான பதில் இல்லை என்று வீடு வரும் வழியெல்லாம் மனது உறுத்தியது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் கார். எம்.ஜி. கார்கள் இங்கிலாந்தின் எபிங்டன் நகரில் செய்யப்பட்டவை. போர் முடிந்த 1945 இல் டீ.சி. என்ற மாதிரி வந்தது. தகட்டுக்குள்ளே மரச் சட்டகம், மேலே கன்வஸ், கதவில் கண்ணாடிக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் திரைகள். 1955 இல் எம்.ஜி.ஏ. வந்தது. வடிவம் மாறியது, ஆனால் கதவுக் கண்ணாடி அப்போதும் இல்லை. வெளியே கதவுப் பிடிகூடக் கிடையாது. பக்கத் திரையின் மடலைத் தள்ளி உள்ளே கைவிட்டுக் கயிற்றை இழுத்தால்தான் கதவு திறக்கும். தரையில் போட்டிருந்தது ஒட்டுப்பலகை. 1962 வரை ஒரு இலட்சத்துக்கும் சற்று அதிகமான எம்.ஜி.ஏ. கார்கள் செய்யப்பட்டன.

இந்தக் காரை வரைந்தவர்கள் கண்ட மழை எது என்பதையும் பார்க்க வேண்டும். எபிங்டனுக்குப் பக்கத்திலுள்ள ஒக்ஸ்போர்டில் ஓராண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 660 மில்லிமீற்றர். அதுவும் தூறல் தூறலாக. எமக்கு ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர், அதில் பாதிக்கும் மேல் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. அவர்களுடைய ஓராண்டு மழை எமக்கு நவம்பரும் டிசம்பரும் சேர்ந்தால் போதும். அதுவும் கடலில் இருந்து சாய்ந்தடிக்கும் மழை. கூரை மேலிருந்து வரும் தண்ணீரைத் தாங்கும், பக்கவாட்டில் வருவதை எது தாங்கும்?

இத்தகைய கார் திருமலைக்கு வந்தது துறைமுகத்தினால்தான். பிரித்தானியக் கடற்படையின் கிழக்கிந்தியத் தளம் இங்கே இருந்தது, சீனக்குடாவில் விமானத்தளம் இருந்தது. தளத்து வெள்ளைக்காரர் சிலர் திறந்த கார்களில் நிலாவெளிப் பக்கம் போய்வந்ததை எமது மூத்தவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். 1957 ஒக்டோபர் 15 ஆம் திகதி பண்டாரநாயக்க அரசாங்கத்திடம் தளம் கையளிக்கப்பட்டது. கொடி இறங்கியது நாட்டுக்குப் பெருமைதான், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் டொக்யார்டை நம்பியிருந்த குடும்பங்கள் பல, தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற பேதமின்றி, வேலையில்லாமல் நின்றன. கைவேலை தெரிந்தவர்கள் ஊருக்குள் கடை போட்டார்கள். பாய்த்துணி, படங்கு, மெத்தை தைத்தவர் 'குஷன் கடை' திறந்தார். இந்தக் காரின் ஹூட்டும் அப்படி ஒரு கடையில் தைத்ததுதான் என்று வீட்டார் சொன்னார்கள்.

ஏன் வெளிநாட்டிலிருந்து எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். 1960 களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியபோது கார் இறக்குமதிக்குப் பூட்டு விழுந்தது. 1970 முதல் 1977 வரை அது இன்னும் இறுகியது. பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில் ஒரு பொழுதுபோக்குக் காருக்கு ஹூட் எடுக்க யார் டொலர் தருவார்கள்? இருந்ததை வைத்துத்தான் சமாளித்தார்கள்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. தண்ணீரைத் தடுக்கும் பொருளில் முதன்மையானது இறப்பர். 1876 இல் பிரேசிலில் இருந்து விக்ஹம் கொண்டுபோன விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்தக் கன்றுகளில் ஏறத்தாழ 1,900 இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹா ஹெனரத்கொடவில் நடப்பட்டன. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்து மலாயாவின் தோட்டங்கள் ஜப்பானியர் கைக்குப் போனபோது, நேச நாடுகளுக்கு எஞ்சிய முக்கிய இயற்கை இறப்பர் ஊற்று இந்தத் தீவுதான். அந்த ஏப்ரல் 9 ஆம் திகதி திருமலை மீது குண்டு விழுந்ததைப் படிப்பிக்கும்போது துறைமுகத்தைச் சொல்கிறோம், எண்ணெய்த் தாங்கிகளைச் சொல்கிறோம், இறப்பரைச் சொல்ல மறந்துவிடுகிறோம். பத்தாண்டு கழித்து, 1952 இல், அதே இறப்பரைக் கொடுத்துத்தான் சீனாவிடம் அரிசி வாங்கினோம். இப்படி உலகுக்கே இறப்பர் கொடுத்த நாட்டில், ஒரு காரின் கண்ணாடிச் சட்டத்துக்கு உரிய பீடிங் கிடைக்கவில்லை. பால் எடுப்பது ஒரு வேலை, அச்சில் வார்ப்பது வேறு வேலை. பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிச் சொலுசன் பூசி ஒட்டினார்கள். இயற்கை இறப்பர் வெயிலிலும் ஓசோனிலும் வெடிக்கும். எமது வெயிலுக்கு அந்த டியூப் எத்தனை மாரி தாங்கும்?

சரி, ஒழுக்கைத் தடுப்பது எப்படி? சனிக்கிழமை அந்த வளவுக்கு மறுபடியும் போனோம். குஷன் வேலையில் நாற்பது வருடம் கழித்த ஒரு நானாவையும் கூட்டிப் போனோம். இப்போது அவர் தைப்பது பெரும்பாலும் ஓட்டோ ஹூட்தான். காரைத் தொடாமலே ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர், "சேர், சொட்டு விழுற இடத்தப் பாக்காதீங்க, தண்ணி ஏறின இடத்தத் தேடுங்க" என்றார்.

அது எமக்குப் புதிதல்ல. வகுப்பறைக் கூரையில் ஓட்டை ஒரு பக்கம் இருக்கும், தண்ணீர் கைமரம் வழியே ஓடி வேறொரு மேசையில் விழும். காரிலும் அப்படித்தான். முன்கண்ணாடியின் மேல் மூலையில் நுழைவது ஹூட்டின் கம்பி வழியே வழிந்து இருக்கையின் பின்னால் சொட்டும். ஆகவே அவர் செய்த சோதனை எளிமையானது. ஒருவர் உள்ளே டோர்ச்சுடன் இருக்க வேண்டும், மற்றவர் வெளியே குழாயைப் பிடிக்க வேண்டும். கீழிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் மேலே ஊற்றினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. பிறகு வெண்கட்டி. அதை நாம்தான் கொடுத்தோம், சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும். பீடிங் மீது வெண்கட்டியைத் தேய்த்து, ஹூட்டைப் பூட்டித் திறந்தால், எதிர்ச் சட்டத்தில் வெள்ளைக் கோடு விழும். கோடு அறுந்த இடத்தில் இறப்பர் படவில்லை என்று பொருள். மூன்று இடத்தில் அறுந்திருந்தது.

தையலைப் பற்றி அவர் சொன்னதைப் பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறோம். பஞ்சு நூலால் தைத்த கன்வஸில் நூல் நனைந்ததும் ஊதி ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். பொலியெஸ்டர் நூல் பலமானது, ஆனால் ஊதாது. அதனால் தையல் மேல் மெழுகோ பசையோ பூச வேண்டும். இதைக் கேட்டதும் வள்ளம் ஞாபகம் வந்தது. பலகை நனைந்து ஊதித்தான் வள்ளத்தின் இடுக்கு இறுகும். எஞ்சிய இடுக்கில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் பூசுவதைக் 'கலப்பற்று' என்கிறோம். அந்தச் சொல்லுக்குப் போர்த்துக்கேயரின் கலஃபாத்தே உறவு, அரபியில் கல்ஃபத என்ற வினையும் உண்டு. ஒரே இந்துமாக்கடல், ஒரே ஒழுக்கு! எமது ஊரின் பெயரைத் தாங்கிய எச்.எம்.எஸ். திருகோணமலை என்ற கப்பலை 1817 இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டினார்கள். இன்றும் அது இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் மிதக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் பெரியவர்களும் தவறியிருக்கிறார்கள். 1944 ஓகஸ்ட் 8 ஆம் திகதி இதே துறைமுகத்தில் வேலியன்ட் என்ற போர்க்கப்பலைத் தூக்கிய மிதக்கும் துறை, தாங்கிகளின் தண்ணீரைத் தவறான ஒழுங்கில் இறைத்ததால் முறிந்து மூழ்கியது. எவ்வளவு தண்ணீர் என்பது மட்டும் கணக்கல்ல, எங்கிருந்து எந்த ஒழுங்கில் வெளியேறுகிறது என்பதும் கணக்கு.

எம்.ஜி. காரும் இதில்தான் அடிபட்டிருந்தது. கம்பளத்தைத் தூக்கினால் ஒட்டுப்பலகை பாண் போலக் கையோடு வந்தது. கதவுக்குக் கீழே பெட்டி போன்ற தகட்டுப் பகுதி துருவேறி ஓட்டை. பல வருடங்களுக்கு முன் ஒரு கராஜில், தண்ணீர் வரக்கூடாது என்று, கீழே இருந்த வடிகால் இடைவெளிகளையெல்லாம் புட்டி வைத்து அடைத்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனால் இந்தக் கார்கள் தண்ணீரே புகாதபடி செய்யப்பட்டவை அல்ல. கொஞ்சம் புகும், புகுந்தது வழிந்து போக வேண்டும். வழியை அடைத்ததும் கார் உள்ளிருந்து அழுகியது. மேலே ஒழுகியதால் அல்ல, கீழே ஒழுகாததால் கெட்டது என்று வீட்டாரிடம் சொன்னபோது அந்தத் தாத்தா நம்ப மறுத்தார். ஒரு கரண்டிக் காம்பால் புட்டியைக் குத்தியதும் கறுத்த தண்ணீர் கால் வாளி வந்தது. பிறகுதான் நம்பினார்.

பிற்காலத்தில் வந்த கழற்றும் கூரைகளும் இதே பாடத்தையே படித்தன. 1961 இல் ட்ரையம்ப் டீ.ஆர்.4 கூரையின் நடுத்தகட்டை மட்டும் கழற்றும் முறையைக் கொண்டுவந்தது. 1965 இல் போர்ஷே டார்கா வந்தது. கூரை கடினமானது, பீடிங் நல்லது. ஆனாலும் மூலைகளில் வாய்க்கால் வேண்டும், அதில் இலை அடைத்தால் ஓட்டுபவர் மடியில் தண்ணீர். ஓடும்போது இன்னொரு தொல்லை. கூரைக்கு மேலே வேகமாகப் போகும் காற்றின் அமுக்கம் குறைய, உள்ளேயிருக்கும் காற்று கூரையை மேலே தள்ளும், முன்விளிம்பில் இடைவெளி விழும். நின்ற காரில் ஒழுகாதது ஓடும்போது ஒழுகுவது இதனால்தான். எட்டாம் தர விஞ்ஞானம்.

இந்தக் கார் பழைய இரும்புக்குப் போகவிருந்தது, விலையும் பேசியாகிவிட்டது. இப்போது வீட்டார் மார்ச் வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒட்டுப்பலகையும் தகட்டு வேலையும் பிறகு பார்க்கலாம், முதலில் ஹூட் என்று நானா சொன்னார். கிழிந்ததைப் பிரித்து, துண்டு துண்டாகக் கடதாசியில் அச்சு எடுத்திருக்கிறார். தமக்குப் பிறகு கடையில் யாரும் இல்லை என்றும், மகன் கட்டாரில் என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அச்சு எடுக்கும்போது எமது பிள்ளைகள் இருவர் பக்கத்தில் இருந்து எண் போட்டார்கள். கேள்வி கேட்டவளும் அதில் ஒருத்தி. பதினொரு துண்டு. அதைப் பாடசாலை அலுமாரியில் ஒரு பிரதி வைத்திருக்கிறோம்.

நேற்றிரவு நல்ல மழை. காலையில் அந்தத் தாத்தா அழைப்பெடுத்தார். படங்குக்குள்ளே போய்ப் பார்த்தாராம். தண்ணீர் புகுந்திருக்கிறது, ஆனால் தரையில் தேங்கவில்லை, கீழே நிலத்தில் இரண்டு ஈரக்கோடு மட்டும்.

யாரிடமாவது பழைய பஞ்சு நூல் பந்து, தடித்த ரகம், இருந்தால் சொல்லுங்கள். விலைக்கு வாங்கிக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.