இரவு ஷிஃப்டும் மரபணுவும்: படியெடுத்தல் தொடங்கும் நேரம்

1. களம்

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ் ஏறுபவரின் கல்லீரல் உயிரணுக்களுக்கும் வேலை நேரம் உண்டு. அந்த நேரத்தில் மரபணுக்கள் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகின்றன. இந்தப் படியெடுத்தலின் தொடக்கத்தை மூலக்கூறுகள் கூடும் கதையாக மட்டும் சொல்வது பாதி விளக்கமே. எப்போது கூடுகின்றன என்பதும் சேர்ந்தால்தான் அது முழுமையாகும்.

2. கூடும் விதம்

உட்கருவுள்ள உயிரணுக்களில் மூன்று வகை ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்கள் உள்ளதை ராபர்ட் ரோடர் 1969இல் காட்டினார். புரதங்களுக்கான மரபணுக்களைப் படியெடுப்பது இரண்டாம் வகை. தொடங்க வேண்டிய இடத்தை அதனால் தனியே கண்டறிய முடியாது. முதலில் டி.எஃப்.2டி என்ற புரதக் கூட்டு வந்து அமர்கிறது, அதிலுள்ள டி.பி.பி. புரதம் ‘டாட்டா’ வரிசையைப் பற்றி டி.என்.ஏ.வைக் கூர்மையாக வளைக்கிறது. அவ்வரிசை இல்லாத மரபணுக்களும் ஏராளம், அங்கும் டி.எஃப்.2டி வருகிறது. அடுத்து டி.எஃப்.2பி, பிறகு 2எஃப் உடன் பாலிமரேஸ், பின்னர் 2ஈ, 2எச். இவற்றில் 2எச் செய்யும் வேலையே எனக்கு மிக வியப்பூட்டுவது: ஏ.டி.பி.யைச் செலவிட்டு டி.என்.ஏ. இழைகளைப் பிரிக்கிறது. பாலிமரேஸின் வால்பகுதியில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. மனிதரில் அந்த வாலில் ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட வரிசை 52 முறை வருகிறது. பாஸ்பேட் ஏறிய பின் பாலிமரேஸ் தொடக்க இடத்தை விட்டு நகர்கிறது.

3. நேரம் நுழையும் இடம்

டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களில் இறுகச் சுற்றியிருந்தால் மேற்சொன்ன எதுவும் எளிதில் நடக்காது. கிளாக், பிமால்-1 என்ற இணைப்புரதங்கள் சி.ஏ.சி.ஜி.டி.ஜி. வரிசையில் அமர்ந்து, ஹிஸ்டோன்களில் அசிட்டைல் சேர்க்கும் நொதிகளை வரவழைக்கின்றன. பிடி தளர்கிறது, படியெடுப்பு தொடங்குகிறது. அப்படி உருவாகும் பெர், கிரை புரதங்கள் உட்கருவுக்குத் திரும்பி, தம்மைத் தொடக்கிய இணையையே அடக்குகின்றன. அவை சிதைந்ததும் சுற்று மீண்டும் தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம். இதுவே உயிரணுவின் கடிகாரம்.

உடற்கடிகார ஆய்வுக்கு நம் ஊரிலும் வேர் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் குழுவினர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், குகையிருட்டில் அடைபட்ட வௌவால்கள், வெளியே பறந்து வரும் தம் கூட்டத்தின் நேரத்தோடு ஒத்துப்போயின.

4. ஷிஃப்ட்

மூளையின் கடிகாரத்தை வெளிச்சம் திருத்துகிறது. கல்லீரலின் கடிகாரத்தை உணவு நேரம் நகர்த்துவதை 2000இல் எலிகளில் கண்டார்கள். இரவு இரண்டு மணிக் கேன்டீன் சாப்பாடு, பட்டப்பகல் போன்ற விளக்கொளி, விடிந்தபின் தூக்கம் எனப் போனால் உறுப்புகளுக்கு முரணான செய்திகளே போகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடலின் நாள்ஒழுங்கைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது என 2007இல் வகைப்படுத்தியது. இரவு ஷிஃப்ட் வேலையை 2019இல் அதே பிரிவில் வைத்தது.

மனிதக் கடிகாரத்தின் சராசரிச் சுற்று 24 மணிக்குச் சற்றே மேல். ஆகவே அது முன்னே இழுபடுவதைவிடப் பின்னே தள்ளிப்போவதை எளிதில் ஏற்கிறது. ஷிஃப்ட் அட்டவணை காலை, மாலை, இரவு என்ற வரிசையில் நகர வேண்டும். இரவிலிருந்து மாலைக்கு, மாலையிலிருந்து காலைக்கு எனத் திரும்பக் கூடாது.