அமெச்சூர் வானொலி: பேரிடர்க்காலச் சேவை

அமெச்சூர் வானொலி என்பது தேர்வெழுதி அரசு உரிமம் பெற்ற தனியாட்கள் ஊதியம் கருதாது நடத்தும் இருவழி வானொலித் தொடர்பு. 'ஹாம்' என்பது இதற்கும் இதை நடத்துவோருக்கும் வழக்குப் பெயர். கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தாலும் கார் பேட்டரி, கம்பி ஆன்டெனா ஆகியவற்றைக் கொண்டே இயங்குவது இதன் பெருஞ்சிறப்பு. 7 மெகாஹெர்ட்ஸ் அலைகள் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி மலைகளுக்கு அப்பாலும் எட்டும். 144–146 மெகாஹெர்ட்ஸ் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால், திண்டுக்கல் சமவெளிக்குச் சிறுமலை, கொடைக்கானல் போன்ற உயரங்கள் அரிய வாய்ப்பு. 2004 ஆழிப்பேரலையின்போது அந்தமான் சென்றிருந்த ஹாம்கள் போர்ட் பிளேயரிலிருந்து செய்திகளை அனுப்பியது இச்சேவையின் தலைசிறந்த இந்தியச் சான்று. இச்சேவை உள்மாவட்டங்களுக்கும் தேவை; புயல் கரையோர மாவட்டங்களோடு நிற்பதில்லை: 2018 நவம்பர் 16இல் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா, திண்டுக்கல் வழியே மேற்கே நகர்ந்து, கொடைக்கானல் மலைச்சாலைகளில் மரங்களைச் சாய்த்தது.