அரவான் களப்பலி

பாரதப் போரில் பாண்டவர் வெல்வதற்காகக் காளிக்குத் தன்னையே பலியாகக் கொடுத்த அரவானின் கதை. அந்தக் கதையிலிருந்து வளர்ந்த கூத்துக்கும் சடங்குக்கும் இதுவே பெயர். அரவான், அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். வட தமிழகத்து ஊர்களில் அவனைக் கூத்தாண்டவர் என்று கும்பிடுகிறார்கள். அவன் கோயில்களில் பெரும்புகழ் பெற்றது கூவாகம். கல்வராயன் மலைக்குக் கிழக்கே, உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள இச்சிற்றூர் 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவாகும்வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது.

வியாச பாரதத்தில் களப்பலி கிடையாது. அங்கே எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையில் அரவான் மடிகிறான், அவ்வளவுதான். களப்பலியை முதலில் சொன்னது பெருந்தேவனாரின் பாரத வெண்பா. 9ஆம் நூற்றாண்டு, மூன்றாம் நந்திவர்மன் காலம். தெய்வத்துக்குத் தலை கொடுக்கும் வழக்கம் அதற்கு முன்பே இந்த மண்ணில் இருந்தது. மாமல்லபுரம் திரௌபதி ரதத்துக்குள் கொற்றவையின் காலடியில் மண்டியிட்டு, தன் தலையைத் தானே அரியத் துணிந்த வீரனை இன்றும் காணலாம். அந்த வழக்கத்தைத் தமிழ்ப் புலவர் பாரதத்துக்குள் கொண்டுபோய் வைத்தார். பின்னர் வில்லிபுத்தூராரும் பாடினார்.

கதையின் வில்லன் துரியோதனன். பலிக்கு அரவானிடம் முதலில் போய்க் கேட்டவனும் அவனே. நாள் குறித்துக் கொடுத்தவன் சகாதேவன். கேட்பவன் பகைவன் என்று தெரிந்தும் சோதிடத்தில் பொய் சொல்லவில்லை, அமாவாசை என்றான். அரவானும் துரியோதனனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். இதை அறிந்த கண்ணன் ஒருநாள் முன்னதாகவே தர்ப்பணம் செய்ய உட்கார்ந்தான். “இன்று எப்படி அமாவாசை?” என்று கேட்கச் சூரியனும் சந்திரனும் சேர்ந்து வந்தார்கள். இருவரும் சேர்ந்தால் அமாவாசைதானே என்றான் கண்ணன். துரியோதனன் வந்து சேரவில்லை. பலி பாண்டவர் பக்கம் போயிற்று. இந்த இடத்தில் வஞ்சகம் தெய்வத்தின் பக்கம் நிற்கிறது, கண்ணியம் பகைவனிடத்தும் இருக்கிறது. தமிழ்ப் பாரத மரபின் பெருமை இதை மறைக்காமல் சொன்னதுதான்.

பழைய நூல்களில் அரவான் கேட்கும் வரங்கள் போர்க்களத்தைச் சார்ந்தவை. மணம் முடித்தபின்தான் சாவேன் என்ற வரத்தை மக்கள் வழக்கு சேர்த்தது. மறுநாள் சாகப்போகிறவனுக்குப் பெண் கொடுக்க எவரும் முன்வராததால், கண்ணனே மோகினியாகி அவனை மணந்தான். வெட்டுண்ட தலை 18 நாள் போரையும் பார்த்தது. அரவானுக்கு உடல் திரும்பவில்லை; கிடைத்தது கண் மட்டும்.

திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடக்கும். களப்பலி ஆடும் இரவில் வேடம் கட்டியவருக்கு மருள் வருவதும் உண்டு. கடைசி நாள் படுகளம். ஊர்த் திடலில் துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகப் படுக்க வைத்திருப்பார்கள். வீமன் வேடக்காரர் கதையால் தொடையைப் பிளப்பார். பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். அதோடு கூத்து முடிந்துவிடுவதில்லை. துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வந்து மாரடித்து ஒப்பாரி வைப்பாள். இரவெல்லாம் அவன் அக்கிரமத்தைக் கண்டு கொதித்த பெண்கள் அவளோடு சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தெருக்கூத்தில் இதைவிட உயர்ந்த கட்டம் எனக்குத் தெரியாது.

கூவாகத்தில் சித்திரை விழா சாகை வார்த்தல் என்ற கூழ் ஊற்றும் சடங்குடன் தொடங்கி 18 நாள் நடக்கும். தேருக்கு முந்தின இரவு, பல மாநிலங்களிலிருந்தும் வரும் திருநங்கைகள் மோகினியைப்போல் அரவானுக்கு மனைவியாகி, பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். வேண்டுதல் உள்ள ஊர் ஆண்களும் கட்டிக்கொள்வதுண்டு. விடிந்ததும் அரவான் தேரேறிக் களத்துக்குப் போகிறார். பலி முடிந்தபின் வளையல் உடைகிறது, பூ களைகிறார்கள், தாலி அறுபடுகிறது, குளித்து வெள்ளைப்புடவை உடுத்துகிறார்கள். தமிழ்நாடு அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது 2008இல். மூன்றாம் பாலின உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது 2014இல். அதற்கெல்லாம் வெகுமுன்பே இவர்களுக்குக் கணவனைக் கொடுத்தது இந்தச் சிற்றூர்.

கடல் கடந்த தமிழரும் கதையை விடவில்லை. சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் தீமிதிச் சடங்குகளில் களப்பலியும் ஒன்று. திரையும் விடவில்லை. வசந்தபாலனின் 2012ஆம் ஆண்டுத் திரைப்படம் ‘அரவான்’, பலிக்குக் குறிக்கப்பட்ட ஒருவனின் கதைக்கு இப்பெயரையே வைத்தது.

கொரோனாவால் 2020, 2021இல் கூவாகம் விழா நடக்கவில்லை. 2022இல் மீண்டும் கூடியது. இப்போது தாலியறுப்பைப் படமெடுக்கவென்றே வருகிறவர்கள் பலர். அங்கே அழுகிறவர்கள் கணவனை இழந்தவர்கள். படமெடுக்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.